மேசியா என்று சொன்னவர்களும், காத்திருந்தவர்களும்

(சபை ஆண்டுவிழா மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டுவிழாவில் பேச வருகிறவர்கள் சபை தொடங்கிய கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு முன் பேசிய அண்ணன் அதை மிக நன்றாகச் சொல்லிவிட்டார். பழைய மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யாத கதையையும் விடவில்லை. ஆகவே நான் வேறொன்றைப் பேசப்போகிறேன். அது ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி. அன்றைக்கு நான் அதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

போன வசந்த காலத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எண்டிங்கனுக்குப் போனோம். ஷ்லீரனிலிருந்து பாடனுக்கு ரயில், அங்கிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ். எல்லாமாக ஒரு மணித்தியாலமளவு. ஆர்காவ் மாநிலத்தில் எண்டிங்கன், லெங்னாவ் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிராமங்கள். சுவிஸில் யூதர்கள் நிரந்தரமாக இருக்கலாம் என்று நெடுங்காலம் விட்டிருந்தது இந்த இரண்டு ஊர்களில் மட்டும்தான். சூரிச்சில் இருந்த யூதர்களை 1349இல், கொள்ளை நோய்க் காலத்தில், கிணற்றில் நஞ்சு போட்டதாகச் சொல்லி எரித்தார்கள். பாசலிலும் அதுதான் நடந்தது. பிறகு நகரங்கள் அவர்களை வெளியே தள்ளின. 1866இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்து, எங்கும் குடியிருக்கலாம் என்ற உரிமை கிடைத்த பிறகு அவர்களில் பலர் பாடனுக்கும் சூரிச்சுக்கும் வந்தார்கள். எந்த ஊரில் இருக்கலாம், எந்த ஊரில் இருக்கக்கூடாது என்று ஒரு கடிதாசி தீர்மானிப்பது என்னவென்று இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எண்டிங்கன் நடுவில் தேவாலயம் கிடையாது. அந்த இடத்தில் ஜெப ஆலயம் நிற்கிறது. 1852இல் கட்டியது. ஊருக்கு நேரம் சொல்ல வேறு கோபுரம் இல்லாததால் ஜெப ஆலயத்திலேயே மணிக்கூடும் மணியும் வைத்திருக்கிறார்கள். சில வீடுகளுக்கு முன்பக்கத்தில் இரண்டு கதவுகள், ஒட்டி ஒட்டி. ஒன்று யூதருக்கு, மற்றது கிறிஸ்தவருக்கு என்று ஊரில் சொல்கிறார்கள். பெடியளுக்கு அந்தக் கதவுகள் நல்ல விளையாட்டு.

இரண்டு ஊருக்கும் நடுவில் கல்லறைத் தோட்டம். 1750இல் தொடங்கியது. அங்கேதான் பத்து வயதுப் பிள்ளை ஒன்று என் கையைப் பிடித்துக் கேட்டது: “அன்ரி, இவையும் மேசியாவுக்குத்தானே காத்துக்கொண்டிருந்தவை? பிறகு ஏன் இயேசுவை இல்லை எண்டு சொன்னவை? அவை பிழையான ஆக்களோ?”

“அவைக்குக் கண் திறக்கேல்லை” என்று சொன்னேன். என்னுடைய ஞாயிறு பாடசாலையில் எனக்குச் சொல்லித்தந்த அதே வசனம். சொல்லிவிட்டு, எழுத்துத் தேய்ந்த அந்தக் கற்களைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஏனென்றால் எனக்கு ஒன்றுமே தெரியாது. மேசியா என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரை ஒரு யூதர் எந்த அளவுகோலால் அளப்பார் என்று நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. அந்த வாசிப்பைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் நம்முடைய வேதாகமத்தையே திறப்போம். அப்போஸ்தலருடைய நடபடிகள் 5ஆம் அதிகாரம். பேதுருவையும் மற்றவர்களையும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தியிருக்கிறார்கள். கொல்ல வேண்டும் என்று கோபம். அப்போது கமாலியேல் எழுந்திருக்கிறார். பவுலுக்குப் படிப்பித்த அதே கமாலியேல். அவர் வசனம் காட்டி வாதாடவில்லை. இரண்டு பெயர்களைச் சொல்கிறார். தெயுதாஸ் என்று ஒருவன் தன்னைப் பெரியவனாகச் சொன்னான், நானூறு பேர் சேர்ந்தார்கள், அவன் செத்தான், கூட்டம் கலைந்தது. கலிலேயனான யூதாஸும் அப்படியே. இவர்களையும் விட்டுவிடுங்கள், மனுஷரால் வந்த காரியமானால் தானே அழியும், தேவனால் வந்ததானால் உங்களால் அழிக்க முடியாது என்கிறார். நாம் இந்தப் பகுதியை எப்போதும் பேதுருவின் தைரியத்துக்காகவே பிரசங்கிக்கிறோம். கமாலியேல் பேசியது அவருடைய தனிப்பட்ட நல்ல குணத்தினால் மட்டும் அல்ல என்று எனக்கு இப்போது படுகிறது. ஒரு மக்கள் கூட்டம் பலமுறை நம்பி, பலமுறை இரத்தம் சிந்திப் பழகிய பழக்கம் அது.

அடுத்து நடந்தது அதைவிடப் பெரியது.

கி.பி. 132. எருசலேம் தேவாலயம் இடிந்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ரோமருக்கு எதிராக சீமோன் பார் கோசிபா என்ற ஒரு தலைவன் எழும்புகிறான். ரோமப் படையைத் துரத்தி, நாடு பிடித்து, காசு அடித்து, இரண்டரை மூன்று வருடம் ஆளுகிறான். அந்தக் காலத்தின் மிகப் பெரிய வேத போதகர் ரபி அகீவா. அவர் இவனைப் பார்த்து, இவன்தான் மேசியாவாகிய ராஜா என்று சொன்னார். எண்ணாகமம் 24ஆம் அதிகாரத்தில் பிலேயாம் கண்ட நட்சத்திரம் உண்டல்லவா, அதை வைத்து அவனுக்குப் பார் கொக்பா, ‘நட்சத்திரத்தின் மகன்’ என்று பெயர் வந்தது.

பிள்ளைகளே, இந்தப் பார் கொக்பா எழுதின கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சாக்கடலுக்குப் பக்கத்தில் ஒரு குகையில் 1960இல் கண்டெடுத்தார்கள். ஒரு கடிதத்தில் இரண்டு கழுதைகளை அனுப்பி, கூடாரப் பண்டிகைக்குக் குருத்தோலையும் எலுமிச்சை மாதிரியான ஒரு பழமும் ஏற்றி அனுப்பும்படி கேட்கிறான். யுத்தம் நடக்கிறது, ஆனால் படை முகாமில் இருக்கிற ஆட்களுக்குப் பண்டிகை தவறக்கூடாது. காசுகளில் ‘இஸ்ரவேலின் தலைவன்’ என்றுதான் அவன் தன்னைச் சொல்கிறான். மேசியா என்ற பட்டத்தை அவனுக்கு மேலே வைத்தவர்கள் மற்றவர்கள். எனக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

அகீவா சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. யோஹனான் பென் தோர்த்தா என்ற ஒரு போதகர், அகீவாவின் முகத்துக்கு நேரே, உம்முடைய கன்னத்தில் புல் முளைத்த பிறகும் தாவீதின் குமாரன் வந்திருக்கமாட்டார் என்ற கருத்தில் பேசினார். அதாவது, நீர் செத்துப் புதைக்கப்பட்டு நெடுங்காலம் ஆன பிறகும். இந்தப் பேச்சு எருசலேம் தல்மூதில் பதிவாகி இருக்கிறது. இந்தப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

135இல் பெத்தார் என்ற கோட்டை விழுந்தது. பார் கொக்பா செத்தான். ரோம சரித்திர ஆசிரியர் காசியஸ் டியோ ஐந்து இலட்சத்து எண்பதாயிரம் பேர் வெட்டுண்டதாகவும் 985 கிராமங்கள் அழிந்ததாகவும் எழுதுகிறார். அந்த எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னார் என்று வைத்தாலும் அழிவு அழிவுதான். யூதர்கள் எருசலேமுக்குள் கால் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. நாட்டின் பெயரையே மாற்றினார்கள்.

இப்போது தீர்ப்பு. பார் கோசிபா என்ற பெயரை ஓரெழுத்து மாற்றி பார் கோசிவா, ‘பொய்யின் மகன்’ என்று பிற்காலத்துப் போதகர்கள் எழுதினார்கள். பாபிலோனியத் தல்மூதில் இன்னொரு கதை. அவன் தன்னை மேசியா என்றபோது போதகர்கள் சோதித்தார்களாம். ஏசாயா 11ஆம் அதிகாரத்தின்படி மேசியா கண்கண்டபடி தீர்ப்புச் செய்யமாட்டார், அந்த வரம் உனக்கு உண்டோ என்று பார்த்தார்கள். இல்லை. அவன் ஒழிந்தான். அந்தக் கதை எவ்வளவு சரித்திரம் என்பது வேறு விஷயம். கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘நீ எவ்வளவு அற்புதம் செய்தாய்’ என்றல்ல, ‘நியாயம் தீர்க்க உன்னால் முடியுமா’ என்று.

ஆனால் என்னை நிறுத்தியது வேறு. அகீவாவை என்ன செய்தார்கள்? அவர்தான் சாட்சி சொன்னவர். அவர் சொல்லை நம்பிப் போனவர்கள் ஆயிரம் ஆயிரம். நம்முடைய ஊர்களில் என்றால் அந்தப் பெயரை அழித்திருப்போம், அல்லது அவர் சொன்னதை மறைத்திருப்போம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. அவர் பிழைவிட்டார் என்று எழுதி வைத்தார்கள். அவரைப் போல ஒரு போதகர் இல்லை என்றும் எழுதி வைத்தார்கள். ரோமர்கள் இரும்புச் சீப்பால் சதையைக் கிழித்தபோது அவர் உபாகமம் 6ஆம் அதிகாரத்து விசுவாச வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு மரித்தார் என்று தல்மூத் சொல்கிறது. இன்றைக்கும் சூரிச் வீடிகோனில் பஸ்கா இராத்திரியில் பிள்ளைகள் வாசிக்கிற புத்தகத்தில் ரபி அகீவாவின் பெயர் வருகிறது. உரிமைகோரல் தோற்றது, நம்பினவரின் கனம் நிலைத்தது.

இதற்குப் பிறகு வந்த போதகர்களின் பேச்சில் ஒரு நிதானம் தெரியும். முடிவு காலத்தைக் கணக்குப் பார்த்துத் தேதி சொல்கிறவர்களைத் தல்மூதில் ஒருவர் கடுமையாகச் சபிக்கிறார். காரணமும் சொல்கிறார்: அந்தத் தேதி வந்து, மேசியா வராவிட்டால், சனம் ‘இனி அவர் வரவே மாட்டார்’ என்று சொல்லிவிடும். பாருங்கள், அவருடைய கோபம் கணக்குப் பிழைத்ததற்காக அல்ல, சனத்தின் நம்பிக்கை உடைந்துபோகுமே என்பதற்காக. இன்னொரு பழைய வாக்கு யோஹனான் பென் சக்காய் என்பவருடையது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உன் கையில் ஒரு மரக்கன்று இருக்கிறது. அப்போது யாரோ ஓடி வந்து மேசியா வந்துவிட்டார் என்கிறார்கள். என்ன செய்வாய்? முதலில் கன்றை நடு, பிறகு போய் அவரை வரவேற்பாய்.

இனி நம்முடைய பக்கத்துக் கடலுக்கு வருவோம். கொச்சியில் யூதர்கள் இருந்தார்கள் என்று தெரியும். கி.பி. 1000 அளவில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்பவருக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, நம்முடைய பழைய கல்வெட்டுகளில் காண்கிற அதே எழுத்து. ஏடனிலிருந்தும் எகிப்திலிருந்தும் யூத வியாபாரிகள் மிளகுக்காக மலபாருக்குக் கப்பலில் வந்து போனார்கள். அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர் தாவீது. அவர் இந்து சமுத்திரத்தில் கப்பலோடு மூழ்கிப் போனார். அவருடைய அண்ணன் அந்தச் செய்தி கேட்டு ஏறக்குறைய ஒரு வருடம் படுக்கையில் கிடந்ததாகப் பிறகு கடிதத்தில் எழுதினார். அந்த அண்ணன்தான் மைமோனிடீஸ், எகிப்தில் வைத்தியராக இருந்து 1204இல் இறந்த யூத மேதை. யூத மரபில் மேசியாவைப் பற்றிச் சட்டம் போல எழுதி வைத்தவர் அவரே.

1172 அளவில் ஏமனிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே யூதர்களுக்குக் கடும் நெருக்கடி, மதம் மாறு என்ற கட்டாயம். அந்த நேரத்தில் ஒருவன் எழும்பி மேசியா வருகிறார் என்று சொல்லித் திரிகிறான், உள்ளதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறான், சனம் பின்னால் போகிறது, என்ன செய்ய? மைமோனிடீஸ் நீண்ட பதில் எழுதினார். சனத்தைத் திட்டவில்லை. துன்பத்தில் இருக்கிறவர்கள் தடுமாறுவது இயல்பு என்று ஆறுதல் சொல்கிறார். அந்த மனிதனைக் கெட்டவன் என்றும் சொல்லவில்லை, புத்தி பேதலித்தவன் என்கிறார். அவனைக் கொஞ்சக் காலம் கட்டி வையுங்கள், ஊரார் அவன் பைத்தியம் என்று தெரிந்துகொள்ளட்டும், பிறகு விட்டுவிடுங்கள், அப்போது அவன் உயிரும் தப்பும், உங்கள் உயிரும் தப்பும் என்று யோசனை சொல்கிறார். (தேதி பார்க்காதே என்று சொன்ன அதே கடிதத்தில் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு ஆண்டுக் கணக்கையும் அவர் எழுதிவிட்டார். அவரும் மனிதர்தானே. காத்திருப்பு அவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது.) கடைசியில் அந்த ஏமன்காரனை அரசன் பிடித்தான். என்ன அடையாளம் என்று கேட்க, என் தலையை வெட்டு, உடனே உயிரோடு எழும்புவேன் என்றானாம். வெட்டினார்கள். எழும்பவில்லை. அவன் எழும்புவான் என்று இன்னும் காத்திருக்கிறவர்கள் அங்கே உண்டு என்று பல வருடத்துக்குப் பிறகு மைமோனிடீஸ் வருத்தத்தோடு எழுதினார்.

அவருடைய அளவுகோல் என்ன? 1180 அளவில் முடித்த சட்ட நூலின் கடைசியில் எழுதுகிறார். தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா எழும்பி, வேதத்தைத் தியானித்து, கட்டளைகளைக் கைக்கொண்டு, இஸ்ரவேலையும் அதில் நடக்கப்பண்ணி, கர்த்தருடைய யுத்தங்களை நடத்தினால், அவர் மேசியாவாக இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. தேவாலயத்தை அதன் இடத்தில் கட்டி, சிதறியவர்களைச் சேர்த்தால், நிச்சயம் அவரே. அடையாளங்களும் அற்புதங்களும் தேவையில்லை. நமக்கு விளங்கும்படி சொன்னால், முதலாவது எஃப் அட்டை, இரண்டாவது சி அட்டை. எஃப் அட்டையோடு வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு இனி ஒன்றும் நடக்காது என்று யாரும் கால் நீட்டிப் படுப்பதில்லை.

அவர் தோற்றுப்போனால், அல்லது கொல்லப்பட்டால்? அப்போது அவர் வாக்குப்பண்ணப்பட்டவர் அல்ல என்று தெரியும். ஆனால் அவரைச் சபிக்கச் சொல்லவில்லை. தாவீதின் வீட்டில் வாழ்ந்து மரித்த மற்ற நல்ல ராஜாக்களில் ஒருவராக அவரை எண்ண வேண்டும் என்கிறார். பார் கொக்பாவை உதாரணம் காட்டுகிறார். தோற்றவர் வேறு, ஏமாற்றினவர் வேறு.

இதே இடத்தில் அவர் இயேசுவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நாம் அதைக் கேட்க வேண்டும், மறைக்கக்கூடாது. அச்சிட்ட பல பதிப்புகளில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். நம்முடைய பாசலிலேயே 1578இல் தொடங்கித் தல்மூதை அச்சிட்டபோது கிறிஸ்தவ தணிக்கைக்காரர்கள் தங்களுக்குப் பிடிக்காத இடங்களை எடுத்துவிட்டுத்தான் அச்சிட விட்டார்கள். மைமோனிடீஸ் சொல்வது இதுதான்: மேசியா இஸ்ரவேலை மீட்டு, சிதறியவர்களைச் சேர்க்க வேண்டும். நடந்ததோ மறுபக்கம், இஸ்ரவேல் பட்டயத்தால் விழுந்து சிதறிப்போனது. ஆகவே அவர் அல்ல. ஆனாலும் கிறிஸ்தவர்கள் மூலமாகவும் இஸ்லாமியர் மூலமாகவும் மேசியா என்ற வார்த்தையும் வேதமும் தூரத்துத் தீவுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதிலே தேவனுடைய ஏதோ ஒரு ஆயத்தம் உண்டு என்றும் எழுதுகிறார். தூரத்துத் தீவு என்று வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வந்தது.

நாம் வேறு விதமாக விசுவாசிக்கிறோம். மரித்தவர் எழுந்தார் என்று விசுவாசிக்கிறோம். செய்ய வேண்டிய மீதியை முடிக்க மறுபடியும் வருவார் என்று விசுவாசிக்கிறோம். ஒரு யூதர் இதைக் கேட்டால், ‘செத்த தலைவன் திரும்பி வருவான் என்று எங்கள் ஆட்களிலும் பலர் சொன்னார்கள்’ என்பார். நியூயோர்க்கில் 1994இல் இறந்த ஒரு பெரிய ரபியைப் பற்றி அவருடைய சீஷர்களில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் அப்படிச் சொல்கிறார்கள். அங்கேயுள்ள ஓர்த்தடொக்ஸ் ரபிமார் மன்றம் 1996இல் அதை மறுத்துத் தீர்மானம் போட்டது. அதே வாதத்தைத்தான் நமக்கும் வைக்கிறார்கள். கண் திறக்காத ஆட்களின் வாதம் அல்ல அது. பலமுறை சுட்ட கையின் வாதம்.

பலமுறை என்று ஏன் சொல்கிறேன்? இன்னொரு கதை கேளுங்கள். இஸ்மிர் பட்டணத்தில் 1626இல் பிறந்தவர் சப்பத்தாய் சேவி. 1665இல் காசாவைச் சேர்ந்த நாத்தான் என்ற வாலிபன் இவரை மேசியா என்று அறிவித்தான். செய்தி ஏமனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை காட்டுத் தீயாகப் பரவியது. ஏழைகள் மட்டுமல்ல, பெரிய வியாபாரிகளும் ரபிமாரும் நம்பினார்கள். உபவாசம், ஜெபம், கண்ணீர். 1666 செப்டெம்பரில் துருக்கிய சுல்தான் முன் அவரை நிறுத்தி, உயிரா மதமா என்று கேட்டார்கள். அவர் தலைப்பாகை கட்டி இஸ்லாத்துக்கு மாறினார்.

ஜெர்மனியில் க்ளுக்கல் என்று ஒரு யூதப் பெண். வியாபாரி, நிறையப் பிள்ளைகளைப் பெற்ற தாய். விதவையான பிறகு பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையை எழுதி வைத்தார். அதில் தன் மாமனாரைப் பற்றிச் சொல்கிறார். ஹில்டெஸ்ஹைமில் இருந்த அந்த முதியவர் ஹம்பேர்க்கில் இருந்த மகனின் வீட்டுக்கு இரண்டு பெரிய பீப்பாய்களை அனுப்பினார். உள்ளே துணிமணிகள், பட்டாணி, பயறு, உலர்த்திய இறைச்சி, உலர்ந்த பழங்கள், கெடாமல் இருக்கக்கூடிய எல்லாம். மேசியா அழைத்தவுடன் ஹம்பேர்க்கிலிருந்து பரிசுத்த தேசத்துக்குக் கப்பல் ஏற வேண்டும் அல்லவா? பீப்பாய்கள் ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டில் கிடந்தன. கடைசியில், இறைச்சி கெட்டுத் துணியும் பழுதாகிவிடும், திறந்து சாப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்று முதியவர் எழுதினார். க்ளுக்கல் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிள்ளை பிறக்கும் என்று நோவு பட்டுப் பட்டுக் கடைசியில் ஒன்றும் இல்லாமல் போன தாய்க்குத் தன் சனத்தை ஒப்பிடுகிறார். அப்படியும் தேவன் தம் நேரத்தில் இரங்குவார் என்றே எழுதி முடிக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லோரும் இப்படி இரக்கமாக நடந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இரகசியமாகச் சப்பத்தாயை நம்புகிறவர் என்று ஒருவரை ஒருவர் சந்தேகித்து, ரபிமாரே நூறு வருடம் சண்டை போட்டார்கள். அதுவும் அந்த மரபில் உள்ளதுதான்.

இந்தப் பீப்பாய்களைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பீப்பாய் இருந்தது.

சிலருக்குத் தெரியும், என் மாமா, அம்மாவின் தம்பி, 1990இல் காணாமல் போனார். நாங்கள் சுவிஸுக்கு வந்து சில வருடம் கழித்து, வேறொரு பட்டணத்தில் நடந்த கூட்டத்துக்கு ஒரு ஊழியர் வந்தார். அம்மாவைப் பெயர் சொல்லி முன்னே கூப்பிட்டு, உன் தம்பி உயிரோடு இருக்கிறான், இந்த வருடம் கிறிஸ்மஸுக்கு முன் உன் வாசலில் நிற்பான், கர்த்தர் சொல்கிறார் என்றார். மண்டபம் முழுக்க அல்லேலூயா. நான் அப்போது பன்னிரண்டு வயது, நானும் கத்தினேன்.

அடுத்த நாளே அம்மா கடைக்குப் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினார். கடும் நீலம். தம்பி ஊரிலிருந்து வருவான், குளிர் தாங்கமாட்டான். பிறகு ஒரு சோடி சப்பாத்து, அளவு ஒரு ஊகம். மெத்தை ஒன்று வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மார்கழி முழுக்க அம்மா யன்னலோடு இருந்தார். கிறிஸ்மஸ் வந்தது, போனது. தை மாதம் அம்மா அந்த ஊழியருக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் விசுவாசம் குறைவு, எங்கேயோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. அம்மா இரண்டு வருடம் எந்தச் சபைக்கும் போகவில்லை.

எனக்கு அந்த ஊழியர் மேல் இப்போது கோபம் குறைவு. அவரும் நம்பித்தான் சொன்னாரோ என்னவோ. எனக்கு வருத்தம் எங்கள் ஆட்கள் மேல்தான். எங்களோடு ஜெபித்தவர்கள், வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள். ஒருவராவது வந்து, ‘அக்கா, அவர் சொன்னது நடக்கவில்லை, ஆகவே அது கர்த்தர் சொன்னது அல்ல, உங்களில் ஒரு குறையும் இல்லை’ என்று சொல்லவில்லை. உபாகமம் 18ஆம் அதிகாரம் எல்லார் வீட்டிலும் இருந்தது. தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறாவிட்டால் அவன் துணிந்து பேசினான், அவனுக்குப் பயப்படாதே என்று அங்கே எழுதியிருக்கிறது. கேட்டவள் விசுவாசத்தைச் சோதி என்று எழுதியிருக்கவில்லை. யோஹனான் பென் தோர்த்தாவைப் போல ஒருவர் எங்கள் மத்தியில் இருந்திருந்தால் அம்மாவுக்கு அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

இந்தப் பேச்சை ஆயத்தம் பண்ணுகிறபோது அம்மாவிடம், இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு என்றார். அகீவாவின் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அந்த ஐயாவை ஒருத்தரும் ஒதுக்கேல்லையோ?” என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். பிறகு ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டேன். இப்போதும் அலுமாரியில் இருக்கிறது, பூச்சி அரிக்காமல் வருடா வருடம் வெயிலில் போடுகிறாராம்.

கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்த பிள்ளை இங்கேதான் இருக்கிறது. மகள், அன்றைக்கு நான் சொன்னது பிழை. அவர்கள் பிழையான ஆட்கள் அல்ல. தாவீதின் குமாரன் வந்தால் உலகம் எப்படி மாறியிருக்க வேண்டும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கிறார்கள். வெளியே எட்டிப் பார்க்கிறார்கள், யுத்தம் நடக்கிறது, ஆட்கள் காணாமல் போகிறார்கள், இன்னும் இல்லை என்கிறார்கள். நாங்கள் வந்துவிட்டார் என்கிறோம், இன்னும் வருவார் என்றும் சொல்கிறோம். வெளியே எட்டிப் பார்க்கிறபோது அவர்கள் காண்பதையே நாங்களும் காண்கிறோம். அந்த ஊரில் இரண்டு கதவு வைத்த வீடுகள் உனக்கு ஞாபகம் இருக்கும்தானே? உள்ளே போனால் ஒரே கூரை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ வளர்ந்து என்னைவிட நன்றாக வாசித்துச் சொல்லு.

வருகிற வைகாசியில் மறுபடியும் எண்டிங்கனுக்குப் போகிறோம். இந்த முறை பெரியவர்களும் வரலாம். கல்லறைத் தோட்டத்துக்குள் ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி கொண்டு வாருங்கள். அவர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை, சின்னக் கல் ஒன்று வைப்பார்கள். போன முறை பிள்ளைகள் பாதையில் பொறுக்கினார்கள். அம்மா லிம்மாத் ஆற்றங்கரையில் நல்ல உருண்டைக் கல்லாகப் பார்த்து இப்போதே எடுத்து வைத்திருக்கிறார்.